இரங்கல் மின்னஞ்சலில் 'கிரீஃப்' வருமா?

லண்டனில் இருக்கும் உங்கள் மேலாளரின் அப்பா இறந்ததற்கு 'மை டீப் கிரீஃப் டு யூ' என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. கிரீஃப் என்பது இழந்தவர் மனதுக்குள் இருக்கும் துயரம். அதை இன்னொருவருக்குத் தெரிவிக்க முடியாது. தெரிவிப்பது 'கண்டோலன்சஸ்', அதுவும் பன்மையில்தான் வழக்கம். 'ஐ ஆம் ஸோ சாரி ஃபார் யுவர் லாஸ்' என்று எழுதினால் போதும், அங்கே எல்லோரும் எழுதுவது அதுதான். அப்புறம் ஒரு வரி, அவசர வேலை ஏதும் இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அந்த வரிதான் அவருக்கு உண்மையில் உதவும்.

சோகத்தைக் குறிக்கும் இன்னொரு ஆங்கிலச் சொல்லான 'சாரோ'வும் தப்பில்லை, ஆனால் கொஞ்சம் கவிதை வாடை அடிக்கும். கிரீஃப் பெரும்பாலும் சாவை ஒட்டிய துக்கம். சாரோ பொதுவான, நீண்டநாள் சோகத்துக்கும் வரும்.

'கனமான' என்று பொருள்படும் லத்தீன் 'கிராவிஸ்'தான் கிரீஃபுக்கு மூலம். நம் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை 'கிரீவன்ஸ் டே'யும் அதே வேர்தான்! ஆனால் கிரீவன்ஸ் என்றால் குறை, புகார். அவசரத்தில் கணினி கிரீஃபை கிரீவன்ஸ் என்று மாற்றிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'குட் கிரீஃப்' என்பதோ வெறும் 'அடக் கடவுளே', இரங்கலில் அது வரவே கூடாது.