18 வயதுக்குப் பிறகு யார் பார்ப்பது? கடலூர், புதுச்சேரி பெற்றோரின் கேள்விகள்

கடலூரில் சிறப்பாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் தம்பி அறிவுசார் குறைபாடு உள்ளவன். அம்மா போன பிறகு என்னோடுதான் இருக்கிறான். பெற்றோர் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

டீச்சர், என் மகனுக்கு 7 வயது. ஆட்டிசம், படிப்பும் வரவில்லை. அரசாங்கப் பணம் கிடைக்குமா? (நெல்லிக்குப்பம்)

தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மாதம் 1,500 ரூபாயாக இருந்தது 2,000 ஆக உயர்ந்தது. முதலில் மருத்துவச் சான்றும் யுடிஐடி அட்டையும் (மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வேண்டும். ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் இருந்தால் இரண்டையும் சான்றில் குறிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நம் அம்மாக்கள் பாசத்தில் "எல்லாம் அவனே செய்வான் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். பல் தேய்ப்பான், சரி. பிரஷ்ஷில் பேஸ்ட் வைப்பது யார்? சட்டை போடுவான், பட்டன் போடுவது யார்? ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்? இதையெல்லாம் ஒரு வாரம் நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். சதவீதம் போடுவது பையன் அன்றாடம் எவ்வளவு தானாகச் செய்கிறான் என்பதை வைத்துத்தான். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

பிறந்த வீடு கடலூர், வாழ்க்கைப்பட்டது பாகூர். எந்தப் பக்கம் விண்ணப்பிப்பது அக்கா?

ரேஷன் கார்டும் இருப்பிடச் சான்றும் எங்கே இருக்கின்றனவோ அங்கே. யுடிஐடி அட்டை நாடு முழுக்கச் செல்லும், ஆனால் மாதப் பணம் முள்ளோடை எல்லையைத் தாண்டி வராது. புதுச்சேரியில் சமூக நலத்துறை தனியாகக் கொடுக்கிறது. விதியும் வேறு, தொகையும் வேறு. ஜிப்மர் மத்திய அரசு மருத்துவமனை என்பதால் சிகிச்சைக்கு இரண்டு பக்கத்தாரும் போகலாம். அங்கே காட்டுவதாலேயே புதுச்சேரி உதவித்தொகை கிடைக்கும் என்று நினைத்து அலையாதீர்கள்.

பிள்ளைக்குப் பணம் வருவதால் எனக்கு மகளிர் உரிமைத் தொகை கிடையாது என்கிறார்கள். (குறிஞ்சிப்பாடி)

தவறு. அறிவுசார் குறைபாட்டுக்கான பராமரிப்பு உதவித்தொகை வாங்கும் பிள்ளை இருக்கும் குடும்பமும், மற்றத் தகுதிகள் சரியாக இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று அந்தத் திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது.

மகளுக்கு 19 வயது. "நீங்கள் கையெழுத்துப் போட முடியாது" என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். (பண்ருட்டி)

18 முடிந்த அன்றைக்கு அவள் சட்டப்படி மேஜர். பெற்ற தாயாக இருந்தாலும் காப்பாளர் சான்று வேண்டும். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு நான்கும் வருகின்றன. ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழு அந்தச் சான்றைக் கொடுக்கும். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. இந்தச் சான்றை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

என் தம்பிக்கு இதைச் செய்யாமல் விட்டது எங்கள் வீட்டுத் தவறு. அம்மா இறந்ததும் அவன் கணக்கில் இருந்த பணத்தை எடுக்க முடியாமல் எட்டு மாதம் நடந்தேன். 17 வயதிலேயே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். விண்ணப்பத்துக்குப் போகும்போதே, மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

என் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். எங்களுக்குப் பிறகு மகனுக்கு என்ன? (சிதம்பரம்)

உங்கள் கணவர் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தால், சொந்தமாகச் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு, காப்பாளர் வழியாக. உங்கள் கணவர் பணியில் இருக்கும்போதே மகன் பெயரையும் குறைபாட்டு விவரத்தையும் பணிப்பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.

மகனுக்கு 24. சிறப்புப் பள்ளி 18-ஓடு முடிந்தது. ஆறு வருடமாக வீட்டில்தான். எனக்கு முதுகு வலி, அவனைத் தூக்க முடியவில்லை. அரசு இல்லம் எதுவும் இல்லையா? (விருத்தாசலம்)

அம்மா, இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அரசுப் பணம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று குடும்பத்தின் கையில், அந்த 2,000 ரூபாய். இன்னொன்று தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லத்துக்கும் மையத்துக்கும் மானியமாக: சிறப்பாசிரியர் மதிப்பூதியம், உணவுச் செலவு என்று. பள்ளி வயதுக்குச் சட்டம் பலமாக இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. அதற்குப் பிறகு போக இடம் குறைந்துவிடுகிறது. தேசிய அறக்கட்டளையிடம் சமர்த்-கரவுண்டா என்ற தங்கும் இல்லத் திட்டம் உண்டு. ஆனால் அறக்கட்டளை 100 கோடி ரூபாய் மூலதனத்தோடு தொடங்கியது. நாடு முழுக்க இருக்கும் குடும்பங்களுக்கு அது எந்த மூலைக்கு?

ஒரு மனிதரைக் குளிப்பாட்டி, ஊட்டி, ராத்திரி விழித்துப் பார்ப்பதற்கு மாதம் 2,000 என்றால் ஒரு நாளைக்கு 70 ரூபாய் கூட வரவில்லை. மீதியை அம்மாக்கள் தங்கள் முதுகால் கட்டுகிறார்கள். நமக்கு வேண்டியது ஒவ்வொரு வட்டத்திலும் பெரியவர்களுக்கான பகல் நேர மையம், வீட்டு வாசலுக்கு வரும் வண்டியோடு.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மானியம் பெறும் இல்லங்களின் பட்டியலையும் காலி இடங்களையும் எழுத்தில் கேளுங்கள். அப்புறம், உங்கள் பகுதியில் 18 கடந்த பிள்ளைகள் உள்ள வீடுகளைச் சேர்த்து, வயதும் குறைபாட்டு சதவீதமும் போட்டு ஒரே மனுவாக எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். தேதி சொல்லுங்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு நானும் வருகிறேன்.