ஓடிக்கொண்டிருக்கும் கேம்பெயினில் புது ஆளைச் சேர்ப்பது: கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது, டிஎம் என்கிற கதை நடத்துபவர் காட்சியைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக டைஸ் உருட்டி ஆடும் மேசை விளையாட்டு. பல நாள் தொடரும் கதைதான் கேம்பெயின்.

ஈரோட்டிலிருந்து: நாங்க நாலு பேர், டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு ஆடறோம். எல்லாரும் லெவல் 6. ஆபீஸ் நண்பர் ஒருத்தர் சேர்றேங்கறார். அவரை லெவல் 1ல ஆரம்பிக்கச் சொல்லலாமுங்களா?

வேண்டாமுங்க. உங்கள் லெவலுக்கு ஏற்ற எதிரி ஒரு ஃபயர்பால் (நெருப்புக் குண்டு மந்திரம்) விட்டால் 8 ஆறுமுக டைஸ், சராசரி 28 டேமேஜ். கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) +2 உள்ள லெவல் 1 விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) ஹிட் பாயிண்ட் (உயிர்க் கணக்கு) 8தான். சேவ் (தப்பிக்கும் ரோல்) தேறினால்கூடப் பாதி, அதாவது 14 டேமேஜ், மயங்கி விழுவார். தேறாவிட்டால் அந்த 8 போக மிச்சம் 20. 2014 விதிப்படி மிச்ச டேமேஜ் முழு ஹிட் பாயிண்ட் அளவுக்கோ அதற்கு மேலோ போனால் அங்கேயே மரணம். அதே விசார்டு லெவல் 6 என்றால் 38 ஹிட் பாயிண்ட், தாங்கிவிடுவார். ஆகவே எல்லாருக்கும் ஒரே லெவல்.

ஆனால் லெவல் 6 ஷீட்டை அப்படியே கையில் கொடுத்தால் ஆள் மிரண்டு போவார். சாம்பியன் வகை ஃபைட்டரோ (போர்வீரர்) ரோகோ (திருடர்) எடுக்கச் சொல்லுங்கள், முடிவெடுக்க வேண்டியது குறைவு. ஏசி (அடி படாமல் காக்கும் எண்), ஹிட் பாயிண்ட், இரண்டு ஆயுதம், நன்றாக வரும் மூன்று ஸ்கில், இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதி மேலே வையுங்கள். மந்திரவாதிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் தடுக்காதீர்கள். லெவல் 6 விசார்டுக்கு இன்டலிஜென்ஸ் 18 என்றால் 4 கேன்ட்ரிப் (எத்தனை முறையும் விடக்கூடிய சின்ன மந்திரம்), தயார் செய்த மந்திரம் 10. முதல் நாளைக்கு அதில் ஐந்தை மட்டும் காட்டினால் போதும்.

அதே நண்பருக்காக: புத்தகம் வாங்கணுமா?

இப்போதைக்கு வேண்டாம். அடிப்படை விதிகள் உள்ள எஸ்ஆர்டி 5.1 ஆவணம் 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சாம்பியன் ஃபைட்டர் அதிலேயே இருக்கிறார். ஏழு டைஸ் உள்ள ஒரு செட் மட்டும் வாங்கச் சொல்லுங்கள்.

திருப்பூரிலிருந்து: முதல் நாளே கேம்பெயினுக்குள்ள கூப்பிட்டுடலாமா, தனியா ஒரு ஒன்-ஷாட் (ஒரே நாள்ல முடியற கதை) வைக்கணுமா?

ஒன்-ஷாட் வையுங்கள். அதில் பழைய ஆட்களும் புதுக் கேரக்டர்தான் எடுக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். புதியவர் தடுமாறுவது விதியில் அல்ல. மற்றவர்கள் ஏதோ ஒரு பழைய பெயரைச் சொல்லிச் சிரிக்கும்போது தான் மட்டும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்தான். எல்லாருக்கும் கேரக்டர் புதிது என்றால் அந்தச் சிரிப்புக்கு இடமே இருக்காது.

மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். விளக்கத்துக்கு 20 நிமிடம், பிறகு ஒரு பேச்சு, ஒரு தேடல், மூன்று ரவுண்டில் முடியும் ஒரு சண்டை. களம் தெரிந்த இடமாக இருந்தால் உலக விளக்கம் மிச்சம். உதாரணத்துக்கு, ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை. இரவில் ஒரு குதிரை காணாமல் போகிறது. தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார், அது அந்தக் குதிரைக்கான பேரமா? இன்சைட் (ஆள் மனதை அறியும் ஸ்கில்) ரோல், 12 வந்தால் தெரியும். எல்ஃப் ராஜ்ஜியத்தின் எண்ணூறு ஆண்டு வரலாறு எதுவும் இல்லாமலேயே புதியவர் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்.

பொள்ளாச்சியிலிருந்து: புதுப் பையன் வாயைத் திறக்கறதுக்குள்ள எங்க ஆளுக நாலு பேரும் "இதப் பண்ணு, அதப் பண்ணு"ங்கறாங்க. அவன் பேசறதே இல்ல.

திருத்த வேண்டியது அந்த நாலு பேரைத்தான். விதி சொல்லிக்கொடுக்க ஒரே ஒருவரை வையுங்கள், அவரைப் புதியவருக்குப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். மற்றவர்கள் கேட்டால் மட்டும் பேசட்டும். டிஎம் "அட்டாக் பண்றீங்களா, டாஷ் பண்றீங்களா?" என்று பட்டியல் வாசிக்கக்கூடாது. "என்ன பண்றீங்க கண்ணு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பத்து விநாடி சும்மா இருங்கள். அவர் சொன்னதற்கு எந்த டைஸ் என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

டைஸ் குழப்பத்தையும் சின்னதாக நினைக்காதீர்கள். எட்டு, பத்து, பன்னிரண்டு முக டைஸ் தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். இருபது முக டைஸை மட்டும் வேறு நிறத்தில் கொடுங்கள். 00 முதல் 90 வரை எண் போட்ட சதவீத டைஸை எடுத்து ஒளித்தே வைத்துவிடலாம்.

கோபியிலிருந்து: இதுவரை நடந்த கதையைப் பன்னிரண்டு பக்கம் எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பினேன். படிக்கவே இல்லைங்க.

யாருமே படிக்க மாட்டார்கள். அரைப் பக்கம் போதும்: இப்போது நம்மைத் துரத்துவது யார், நாம் தேடுவது என்ன, யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம். மீதியைப் பழைய கேரக்டர்களே ஆட்டத்துக்குள் வாயால் சொல்லட்டும்.

பக்கக் கணக்கைவிட முக்கியம், புதுக் கேரக்டருக்கும் பழையவர்களில் இருவருக்குமாவது உறவு இருப்பது. ஒருவருக்கு ஒன்றுவிட்ட தம்பி, இன்னொருவரிடம் பணம் கொடுத்து ஏமாந்தவர் என்று எதுவானாலும் சரி. அவர் முதல் 15 நிமிடத்துக்குள் களத்தில் இருக்க வேண்டும். "பாதாளச் சிறையில் கைதியாகக் கிடக்கிறார், போய் மீட்கலாம்" என்று வைத்தால் கதவைத் திறக்கவே இரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை அவர் போனை நோண்டிக்கொண்டிருப்பார்.

கோவையிலிருந்து: ஏற்கெனவே அஞ்சு பேர். இன்னும் ரெண்டு பேர் கேக்கறாங்க.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 2 நிமிடம், ஏழு பேருக்கு 14, டிஎம்முக்கு 4. ஒரு ரவுண்டு 18 நிமிடம், மூன்று ரவுண்டு 54. அதில் ஒருவர் ஆடுவது வெறும் 6 நிமிடம். எதிரிப் பக்கமும் கெட்டுப்போகும்: உங்கள் ஆட்கள் ஏழு முறை அடிக்கும்போது தனி வில்லன் ஒருமுறைதான் அடிக்கிறான். அவன் ஹிட் பாயிண்டைக் கூட்டினால் சண்டை நீளுமே தவிர கடினமாகாது, கூடவே அடியாள் நாலு பேரை வைக்க வேண்டும். என் பார்வையில் ஆறோடு நிறுத்துங்கள். ஏழாவது ஆள் வந்தால் இரண்டு மேசையாகப் பிரித்துவிடலாம்.

நாமக்கல்லிலிருந்து: முழுக்கப் பசங்க குழு. மாமா பொண்ணு ஒண்ணு ஆட வரேங்குது. என்ன கவனிக்கணும்?

அவர் வருவதற்கு முன்னால், மேசையில் எது வரவே கூடாது என்று எல்லாரும் சேர்ந்து பேசி எழுதுங்கள். அவருக்காக மட்டும் எழுதியதுபோல ஆகிவிடக்கூடாது, உங்கள் பசங்களில் ஒருவருக்கும் ஒரு விஷயம் உறுத்தலாம். ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் உருவாக்கிய எக்ஸ்-கார்டை நடுவில் வையுங்கள். யாராவது தொட்டால் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. முடியும் நேரத்தை முன்கூட்டியே சொல்லி, பஸ் இருக்கும்போதே முடியுங்கள்.

கரூரிலிருந்து: ஒத்து வரலைன்னா எப்படிச் சொல்றது?

"மூணு செஷன் பார்ப்போம், அப்புறம் ரெண்டு பக்கமும் பேசிக்குவோம்" என்று கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள். மூன்றாவது முடிந்ததும் கூட்டி வந்தவரே நேரில் பேசட்டும். சொல்லாமல் வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிடுவது மட்டும் வேண்டாமுங்க, நாளைக்கே ஏதாவது கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார்.