பிட்யூட்டரிதான் தலைமைச் சுரப்பி என்றால் ஹைபோதலாமஸுக்கு என்ன வேலை?

பாடப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும், ஆனால் பிட்யூட்டரி சொந்தமாக எடுக்கும் முடிவுகள் ரொம்பக் குறைவு. பட்டாணி அளவில், ஏறக்குறைய அரை கிராம் எடையில், மூளைக்கு அடியில் ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிறது. காம்புக்கு மேலே இருக்கும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸ்தான் உத்தரவு போடுகிறது.

பிட்யூட்டரியின் பின்பகுதி வெறும் கிடங்கு. ஆக்சிடோசின், வாசோப்ரெசின் என்ற இரண்டு ஹார்மோன்களும் ஹைபோதலாமஸின் நரம்பு செல்களில் உருவாகி, அவற்றின் நீண்ட இழைகள் வழியே இறங்கி வந்து இங்கே தங்கி, நரம்புத் தூண்டல் வந்ததும் ரத்தத்தில் கலக்கின்றன.

முன்பகுதியில்தான் சுவாரசியமே. அது தன் ஹார்மோன்களைத் தானே தயாரிக்கிறது, ஆனால் எப்போது, எவ்வளவு என்பதை ஹைபோதலாமஸ் இதற்கென்றே உள்ள நுண் ரத்தக்குழாய்கள் வழியாகச் சொல்லி அனுப்பும். தைராய்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஹைபோதலாமஸ் டிஆர்ஹெச் என்ற தூண்டும் ஹார்மோனை விட, அதைக் கேட்டு பிட்யூட்டரி தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் விட, தைராய்டு தன் ஹார்மோனைச் சுரக்கும், அது ரத்தத்தில் ஏறியதும் மேலே இருக்கும் இரண்டுமே அடங்கிவிடும். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் கூடி, தைராய்டு ஹார்மோனான டி4 குறைந்திருந்தால் பொதுவாகத் தைராய்டில்தான் கோளாறு என்று மருத்துவர் சொல்வது இதனால்தான்; பிட்யூட்டரி கத்துகிறது, கீழே பதில் இல்லை.

முன்பகுதி ஹார்மோன்களில், தாய்ப்பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் மட்டும் தலைகீழ். அதை ஹைபோதலாமஸ் டோபமைன் என்ற வேதிப்பொருளை அனுப்பி எந்நேரமும் அடக்கியே வைத்திருக்கிறது. அதனால் அந்தக் காம்பு சேதமானால் மற்ற முன்பகுதி ஹார்மோன்கள் குறையும், புரோலாக்டின் மட்டும் ஏறும்.