மேடை ஏறிப் பாடிய மீனாட்சி அம்மாள்

கேள்வி: 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வேலு நாச்சியாரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், எங்கள் சனத்துக்காக எதிர்த்து நின்ற பெண் ஒருவரும் இல்லையா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: ஏன் இல்லை தங்கச்சி, மீனாட்சி அம்மாள் இருக்கிறாரே! மலையகத் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், அது எனக்குப் பிடிப்பதே இல்லை. தோட்டத்தை நடத்திய துரையும் ஆட்களை மேய்த்த கங்காணியும் வைத்ததே சட்டம் என்றிருந்த 1930களில், பொம்பிளை சபையில் வாய் திறந்தாலே ஒருமாதிரிப் பார்த்த காலத்தில், தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் மேடை ஏறித் தானே கட்டிய பாட்டுகளைப் பாடினார். நல்ல வேலை செய்தார், எழுத்து வாசிக்கத் தெரியாத சனத்துக்கும் பாட்டு போய்ச் சேருமே! 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று அவருடைய பாட்டுகள் புத்தகமாகவும் வந்தன. கட்டாயம் தேடி வாசியுங்கள், வீட்டில் பாட்டி இருந்தால் அவருக்கும் சத்தமாகப் பாடிக் காட்டுங்கள்.