பல்கலைக்கழக நூலகத்தில் சுவடி, அரிய நூல் அட்டவணையாளராக வேலை பார்ப்பது எப்படி இருக்கும்?

நாள் முழுக்க உட்கார்ந்து பழைய சுவடி படிக்கிற வேலையா, தமிழ் எம்.ஏ. முடித்தவர்கள் வரலாமா, சம்பளம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரலாம். ஆனால் படிக்கிற வேலை என்று நினைத்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு சுவடிக்கட்டைக் கையில் எடுத்தால் முதல் ஏடு, கடைசி ஏடு, நடுவில் அங்கங்கே நாலைந்து ஏடு, அவ்வளவுதான் பார்ப்போம். அதை வைத்து இது என்ன நூல், முழுசா குறையா, எத்தனை ஏடு, நீள அகலம் என்ன, பக்கத்துக்கு எத்தனை வரி, பூச்சி அரித்திருக்கிறதா என்றெல்லாம் பதிந்துவிட்டு அடுத்த கட்டுக்குப் போக வேண்டும். ரசித்துப் படிக்கப்போவது வேறு யாரோ. அவர் தேடும்போது அது அகப்பட வேண்டும், அதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

கஷ்டம் பெயரில்தான் ஆரம்பிக்கும். நிறையக் கட்டுகளில் தலைப்பே இருக்காது, இருந்தாலும் பிற்காலத்தில் யாரோ ஒட்டிய துண்டுச்சீட்டாக இருக்கும், அதை அப்படியே நம்ப முடியாது. ஒரே கட்டில் பிள்ளைத்தமிழ் பாதி, வைத்தியம் கொஞ்சம், யாருக்கோ நெல் கடன் கொடுத்த கணக்கு, ஒரு ஜாதகம் எல்லாம் சேர்ந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் தனி நூலாகப் பதிய வேண்டும், ஆனால் கட்டைப் பிரித்து வைத்துவிடக் கூடாது, சேர்த்துக் கட்டியவருக்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். நூலின் தொடக்கத்தில் கடவுளை வேண்டிப் பாடும் காப்புச் செய்யுள் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதன் முதலடியை வைத்துக்கொண்டு சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரஸ்வதி மகால், உ.வே.சா. நூலகம் ஆகியவை வெளியிட்ட சுவடி அட்டவணைகளில் தேடலாம். எழுத்தும் லேசில் விடாது: புள்ளி இருக்காது, எகர ஏகாரம் ஒன்றுபோல இருக்கும், ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது.

வைத்தியச் சுவடிதான் உண்மையான தலைவலி. எதை எடுத்தாலும் அகத்தியர், போகர், தேரையர் என்றிருக்கும், நூற்பெயரே பாட்டு எண்ணிக்கையில் 'வைத்தியம் 500' என்பதுபோல இருக்கும், எண்ணிப் பார்த்தால் பாட்டு அத்தனை தேறாது. இந்த இடத்தில் நம் ஆராய்ச்சியைக் காட்ட ஆசை வரும், காட்டக் கூடாது. "அகத்தியர் பெயரில் வழங்குவது" என்று எழுதி, கிடைத்த பாட்டு எத்தனை என்று குறித்து, தொடக்கமும் முடிவும் சுவடியில் இருக்கிற எழுத்திலேயே, பிழை திருத்தாமல் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். திருத்திப் போட்டால் பின்னால் பிரதிக்குப் பிரதி இருக்கிற பாடபேதம் பார்க்கிறவருக்கு நாமே குழி வெட்டியதாக ஆகும்.

எனக்குப் பிடித்த பகுதி தேதி கண்டுபிடிப்பது. கடைசி ஏட்டில் "துன்முகி வருஷம் தை மாதம் எழுதி முடிந்தது" என்று மட்டும் இருந்தால், 60 வருஷத்துக்கு ஒருமுறை துன்முகி வந்துகொண்டே இருக்கும், 1777 தையா, 1837 தையா, 1897 தையா என்று சொல்ல முடியாது. திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பக்கத்துச் சுவடி என்றால் கூடவே கேரளப் பக்கத்து வழக்கமான கொல்லம் ஆண்டும் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. கொல்லம் 1012 என்று இருந்துவிட்டால் தை மாதத்துக்கு 825 கூட்டி 1837 என்று நிம்மதியாக எழுதலாம். (ஆவணியிலேயே கொல்லம் ஆண்டு பிறந்துவிடும், அதனால் ஐப்பசி, கார்த்திகை என்றால் 824தான் கூட்ட வேண்டும்.) ஆனால் அது அந்தப் பிரதியை எழுதி முடித்த தேதி, நூல் பிறந்த தேதி இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு "200 வருடப் பழைய நூல்" என்று செய்தி போடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

அச்சு நூல் பக்கம் வந்தால் வேறு கதை. கேரளத்துக் கொல்லத்தில் 1578இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறிஸ்தவ சமய நூல் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பது பலருக்குத் தெரியும். ஆனால் நம் ஊர்க் குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள், அதாவது தெருவிலும் சந்தையிலும் காலணா அரையணாவுக்கு விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்கள், அவற்றில் பலவற்றுக்கு இன்னொரு பிரதி தேடினால் அகப்படாது. பத்துப் பதினைந்தைச் சேர்த்து ஒரே பைண்டாகத் தைத்து, பழைய பதிவேட்டில் "பாட்டுப் புத்தகம் 1" என்று எழுதி வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு போட வேண்டும். தாளோ தொட்டால் உதிரும், அதைவிடப் பழைய ஓலை கல்லு மாதிரி இருக்கும்.

வருகிறவர்களில் ஆராய்ச்சி மாணவர்களும் சித்த மருத்துவர்களும் உண்டு. நாடி ஜோதிடமும் ரசவாதமும் கேட்டு வருகிறவர்களுக்கும் குறைவில்லை, பக்குவமாகப் பேசி அனுப்ப வேண்டும்.

சம்பளம், நிரந்தரம் பற்றி: நிரந்தரப் பணியிடம் அரிது, அதற்கு நூலக அறிவியல் பட்டமும் கேட்பார்கள். தமிழ் எம்.ஏ.வோடு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் திட்டப்பணிதான், நிதி தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. அதனால் சேரும்போதே எத்தனை மாதத்துக்கு நிதி இருக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நூல் விவரங்களைக் கணினியில் பதியும் முறையான மார்க் 21, நூலக மென்பொருளான கோஹா எல்லாம் உள்ளே வந்து கற்றுக்கொள்ளலாம், சுவடி வாசிப்பை மட்டும் முன்பே பழகிவிட்டு வாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் சுவடிப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏற்கெனவே அச்சில் இருக்கிற நூலாக ஒன்றை எடுத்து, அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். தூசி அலர்ஜி இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.