லிங்க்ஸா, அடியா, காதமா? பழைய அளவுகள் பற்றி வந்த கேள்விகள்

பழைய பத்திரம், கல்வெட்டு, பாட்டி புடவை என்று பல பக்கத்திலிருந்தும் அளவுக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கணக்கு போடும் முன் எந்தக் கோல் (நிலம் அளந்த அளவுகோல்), எந்த ஊர், எந்தக் காலம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: தாத்தா காலத்து எஃப்.எம்.பி. (நிலத்தின் புலப்படம்) நகலில் ஒரு பக்கம் 250, அடுத்த பக்கம் 160 என்று எண் மட்டும் இருக்கிறது. அடி என்று வைத்துப் பெருக்கினால் கிட்டத்தட்ட 92 சென்ட் வருகிறது. பத்திரத்திலோ 40 சென்ட்தான். எது சரி சார்?

பத்திரம்தான் சரி. அந்த எண்கள் லிங்க்ஸ். பழைய புலப்படங்களை 66 அடி நீளமுள்ள கண்டர் சங்கிலிக் கணக்கில்தான் போட்டார்கள். எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620 வாக்கில் கொண்டுவந்தது, அதில் 100 லிங்க். ஆக ஒரு லிங்க் 0.66 அடி, அதாவது 20.1168 செ.மீ. உங்கள் 250 லிங்க்ஸ் 165 அடி (50.29 மீ.), 160 லிங்க்ஸ் 105.6 அடி (32.19 மீ.).

66 என்ற வினோதமான எண் ஏன் என்று பலரும் கேட்கிறார்கள். பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் சரியாக ஒரு ஏக்கர் வரும், அதனால்தான். ஒரு ஏக்கர் 1,00,000 சதுர லிங்க், ஒரு சென்ட் 1,000 சதுர லிங்க். 250 × 160 = 40,000, கடைசி மூன்று சுழியை வெட்டினால் 40 சென்ட், கால்குலேட்டரே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. அந்தக் காலத்துச் சர்வேயர்கள் வயல் வரப்பில் நின்றே பரப்புச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். மெட்ரிக் முறை வந்தபிறகு 20 மீட்டர் சங்கிலியும் வந்தது, அதிலும் 100 லிங்க், ஆனால் ஒரு லிங்க் சரியாக 20 செ.மீ. பழைய படத்து எண்ணை இந்தக் கணக்கில் மாற்றினால் உங்கள் 250 லிங்க்ஸ் பக்கத்தில் 29 செ.மீ. குறைந்துபோகும், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வர அது போதும். 100 அடிச் சங்கிலியும் உண்டு, அதில் லிங்க் ஒன்றுக்கு ஓர் அடி. அதனால் நீளத்தை மாற்றியதும் பரப்பைப் பெருக்கி, பத்திரத்தோடு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பாட்டியின் ஒன்பது கெஜம் புடவை மீட்டரில் எவ்வளவு?

இன்றைய கெஜம் 36 அங்குலம், ஆக 8.23 மீட்டர். பழைய துணி வியாபாரக் கணக்குகளைப் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: மெட்ராஸ் கெஜம் 33 அங்குலம், பம்பாய் கெஜம் 27, வங்காளக் கெஜம் 36.

கேள்வி: காதம் என்றால் எத்தனை கிலோமீட்டர்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

பழைய சென்னை மாகாணக் கணக்கில் 7 நாழிகை வழி ஒரு காதம், ஏறக்குறைய 10 மைல், அதாவது 16 கி.மீ. நாழிகை வழி என்பது ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில் நடக்கிற தூரம். ஏழு நாழிகை 2 மணி 48 நிமிடம், அதற்குள் 10 மைல் போக விறுவிறுவென்று நடக்க வேண்டும், ஆனால் முடியும். நடையை வைத்து எழுந்த அளவு என்பதால் எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே கிலோமீட்டரை ஒட்டவைக்க முடியாது.

தர்மபுரிப் பக்கத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் (பழைய நெடுஞ்சாலை மைல்கல்) நாவற்தாவளம் என்ற இடத்துக்குக் காதம் 29 என்று இருக்கிறது. எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் பத்துக்குப் பெரிய குழி, ஒன்றுக்குச் சிறிய குழி என்று வெட்டியும் வைத்திருக்கிறார்கள், எவ்வளவு அக்கறை பாருங்கள்! அதை '466.7 கி.மீ.' என்று தசமப் புள்ளியோடு எழுதாதீர்கள், மூலத்தில் இல்லாத துல்லியம் அது. அதே வழியில் 27 காதம் என்ற கல்லும் உண்டு. இரண்டும் நட்ட இடத்திலேயே நிற்கின்றன என்று உறுதியானால், நடுவிலுள்ள பழைய பாதையை அளந்து இரண்டால் வகுத்தால் போதும், அந்தக் காலத்துக் காதம் கையில் வந்துவிடும். எந்த அட்டவணையையும்விட அதைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: ஒரு மென்பொருள் அடியை 0.3048 என்கிறது, இன்னொன்று கடைசி இலக்கங்களில் மாறுகிறது. எதை எடுப்பது?

வீட்டு மனைக்கு எதை எடுத்தாலும் ஒன்றுதான். 1959-இல் ஒரு கெஜம் 0.9144 மீட்டர் என்று ஆங்கில அளவு நாடுகள் ஒத்துக்கொண்டன, அதற்கு முன் ஆளுக்கொரு அடி. அமெரிக்க சர்வே அடியும் நம் அடியும் 1 கி.மீ.க்கு 2 மி.மீ. வேறுபடும், 500 கி.மீ.க்கு 1 மீட்டர். பரங்கிமலை அருகே 1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஏழரை மைல் அடிக்கோட்டை (பேஸ்லைன்) அளந்து தொடங்கிய முக்கோண அளவை மாதிரி பெரிய வேலைகளின் எண்களை மாற்றும்போதுதான் அந்த இலக்கங்கள் முக்கியம்.

கேள்வி: மன்னார்குடிப் பக்கத்துப் பழைய பத்திரத்தில் 1 வேலி 3 மா 40 குழி. ஏக்கரில் சொல்லுங்கள்.

20 மா ஒரு வேலி, 100 குழி ஒரு மா. ஆக 2,340 குழி. ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள இடம்தான் ஒரு குழி. தஞ்சைப் பக்கம் 12 அடிக்கோல், எனவே குழி 144 சதுர அடி. மொத்தம் 3,36,960 சதுர அடி, 7 ஏக்கர் 73½ சென்ட். ஊரில் '3 மா ஒரு ஏக்கர்' என்று வாய்க்கணக்காகச் சொல்வார்கள், அதில் போட்டால் 7 ஏக்கர் 80 சென்ட் வந்து ஆறரை சென்ட் ஏறிவிடும், விற்கும்போது அது சின்ன விஷயமில்லை.

வேறு ஊர்ப் பத்திரமென்றால் இந்த 144-ஐ அப்படியே போடாதீர்கள். கோல் மாறினால் குழி மாறும், அதுவும் வர்க்கத்தில் மாறும். சோழர் கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோலும் வருகிறது, பதினாறு சாண் கோலும் வருகிறது. இரண்டின் குழிக்கும் இடையே 78 சதவீத வித்தியாசம். பத்திரத்தில் 'இத்தனை அடிக்கோலால்' என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று செக்குபந்தி (நான்கு எல்லை விவரம்) வரை படியுங்கள். இல்லையென்றால் அதே புல எண்ணுக்கு அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) உள்ள ஹெக்டேர், ஏர்ஸை எடுத்து, பத்திரக் குழியால் வகுத்துப் பாருங்கள், புலம் இடையில் உட்பிரிவு ஆகாமல் இருந்தால் எந்தக் கோல் என்று அதிலேயே தெரிந்துவிடும்.