இரண்டாவது கொன்ட்ரோலர்

அன்புள்ள அண்ணா,

நான் மூதூரில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு உப்புவெளியில் இருக்கிறேன். தரம் 2 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். சின்ன வயதில் ரீவி கேம் விளையாடியதையும் இன்றைக்கும் விளையாடுவதையும் உங்கள் கட்டுரை ஒன்றில் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். அதை வாசித்த நாளில் இருந்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

என் கணவருக்கு 39 வயது. அரசாங்க உத்தியோகம். குடி, சிகரெட் எதுவும் இல்லை. சம்பளம் அப்படியே வீட்டுக்கு வரும். மகன் நித்திரையான பிறகு பத்து மணிக்கு ரீவிக்கு முன்னால் இருந்தால் பன்னிரண்டு மணி வரைக்கும் கேம்தான். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யாருடனோ கதைத்துச் சிரிப்பார். மாமியிடம் சொன்னால், "அவன் சின்னனிலயே அப்பிடித்தான் பிள்ளை" என்கிறார். எனக்குக் கோபம் என்று இல்லை. ஒரு வளர்ந்த மனிதருக்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் விளங்கவில்லை. இதை ஒரு வருத்தம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருப்பதாக எங்கள் பாடசாலையில் ஒரு ரீச்சர் சொன்னார். அதுவும் மனதில் கிடக்கிறது. "வந்து கொஞ்ச நேரம் பக்கத்தில இரும்" என்று அவர் பல தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் ஒருநாளும் போய் இருக்கவில்லை.

ச., உப்புவெளி

*

அன்புள்ள ச.,

முதலில் அந்த வருத்தத்தைப் பார்த்துவிடுவோம். ரீச்சர் சொன்னது சரி. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் இதைச் சேர்த்தது. 2019இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் விளையாடுகிற எல்லோருக்கும் வருத்தம் என்று அதில் இல்லை. நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போக வேண்டும், வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டு முன்னுக்கு வர வேண்டும், கெடுதல் நடப்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர வேண்டும். குடும்பமோ படிப்போ தொழிலோ அதனால் பெரிதாகப் பாதிக்கப்பட வேண்டும். இதெல்லாம் வழக்கமாக 12 மாதமாவது நீடித்தால்தான் வைத்தியர் அந்தப் பெயரைச் சொல்வார். நான் வைத்தியன் இல்லை. ஆனால் பிள்ளை நித்திரையாகும் வரை காத்திருந்து, இரண்டு மணித்தியாலம் விளையாடி, இடையில் உங்களையும் பக்கத்தில் கூப்பிடுகிற ஒருவரை அந்தப் பட்டியலில் என்னால் பார்க்க முடியவில்லை.

உங்கள் பயம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். 2002இல் சமாதானம் வந்த கையோடு பிளேஸ்டேஷன் வைத்து மணிக்கணக்கில் காசு வாங்குகிற கடைகள் எங்கள் டவுனிலும் வந்தன. அடுத்த வருடம் எனக்கு உயர்தரம். இரண்டு மாத ரியூசன் காசு முழுவதும் அப்படி ஒரு கடைக்குப் போனது. அம்மாவிடம் ஒவ்வொரு நாளும் பொய் சொன்னேன். முதல் தடவை பரீட்சையில் விழுந்தேன். அம்மா இப்போது இல்லை, அந்தக் காசுக் கதையை அவரிடம் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. ஆகவே உங்கள் கணவர் பொய் சொல்லத் தொடங்கினால், காசு காணாமல் போனால், கூப்பிட்டும் எழும்பாமல் இருந்தால், அப்போது தயங்காமல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

சரி, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதை என்னிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

1993இல் எனக்கு ஒன்பது வயது. மனையாவெளியில் இருந்தோம். சவூதியில் இருந்து வந்த மாமா ஒரு ரீவி கேம் கொண்டுவந்தார். ரீவியின் பின்பக்கம் அன்டெனா வயரைக் கழற்றி, அந்த இடத்தில் இதன் வயரைச் செருகி, படம் தெளியும் வரை சனலைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கசெட் வேலை செய்யாவிட்டால் கழற்றி வாயால் ஊதிப் போடுவோம். ஊதியதால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஈரம் பட்டுத் தகடு கெடுவதுதான் மிச்சம், திரும்பச் செருகியதில்தான் அது சரிவந்திருக்கிறது என்று வளர்ந்த பிறகு படித்தேன். அந்தப் பெட்டி ஜப்பானின் நின்டென்டோ செய்த ஃபேமிகொம் என்ற இயந்திரத்தைப் பார்த்துச் செய்த போலி என்பதும் அப்படித்தான் தெரியவந்தது. அசல் ஃபேமிகொம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1983 யூலை 15ஆம் திகதி. அந்த மாதம் முடிவதற்குள் இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கேயோ பிள்ளைகளுக்காக அந்தப் பெட்டியைக் கடையில் அடுக்கிக்கொண்டிருந்த அதே நாட்கள் என்பது எனக்கு இன்றைக்கும் நெஞ்சுக்குள் நிற்கிறது.

நீங்கள் படிப்பிக்கிறவர் என்பதால் மரியோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ். அதன் முதல் கட்டத்தை நான் பார்த்ததிலேயே மிக நல்ல பாடங்களில் ஒன்று என்று நினைக்கிறேன். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. எப்படி விளையாடுவது என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. ஆனால் மரியோ திரையின் இடது பக்கத்தில் நிற்கிறான், வலது பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. பிள்ளை வலது பக்கம்தான் போகும். கொஞ்சத் தூரத்தில் முறைத்த முகத்தோடு ஒன்று நடந்து வருகிறது. முதல் தடவை அதில் முட்டிச் சாகிறோம். நட்டம் ஒன்றும் இல்லை, நாலைந்து விநாடி முன்னால் இருந்து திரும்பத் தொடங்கலாம். அடுத்த தடவை குதிக்கிறோம். குதிக்கும்போது தலை மேலே உள்ள கேள்விக்குறிப் பெட்டியில் இடித்து, ஒரு காசு சத்தத்தோடு வெளியே வருகிறது. இன்னொரு பெட்டியில் இருந்து காளான் ஒன்று வருகிறது. அதுவும் எதிரி என்று பயந்து விலகப் பார்ப்போம். அது குழாயில் முட்டித் திரும்பி எங்களை நோக்கியே வரும். மேலே கற்கள் இருப்பதால் சரியாகக் குதித்துத் தப்பவும் முடியாது. பட்டுவிடுகிறது. மரியோ பெரியவனாகிறான்.

இதெல்லாம் தற்செயல் இல்லை, இப்படி நடக்க வேண்டும் என்றே ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்தில் வைத்தோம் என்று அதை உருவாக்கிய ஷிகெரு மியாமொட்டோ பின்னாளில் விளக்கியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள் வரும், நடுவில் தரை இருக்கும். தவறினால் தரையில் விழுவோம், அவ்வளவுதான். உடனே அடுத்து அதே மாதிரி இரண்டு படிக்கட்டுகள், இந்த முறை நடுவில் பள்ளம். பயமில்லாத இடத்தில் ஒருமுறை பழக்கிவிட்டு, அதே பாய்ச்சலைப் பயமுள்ள இடத்தில் கேட்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தலை நீங்கள் எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒருதரும் ஏசாமல், பிரம்பு இல்லாமல், எத்தனை தடவை பிழைவிட்டாலும் திரும்பத் தொடங்க விடுகிற ஓர் இடம் எங்களுக்கு அப்போது அது ஒன்றுதான் இருந்தது.

அந்தப் பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வந்தது. திரையில் பறக்கிற வாத்துகளைச் சுடுவதற்கு. நிஜத் துப்பாக்கி போலவே கறுப்பு. அம்மா அதைக் கண்டதும் முகம் மாறிப்போனார். அடிக்கடி சுற்றிவளைப்பு நடக்கிற காலம். அன்றிரவே அதைப் பழைய சாக்கில் சுற்றிப் பின்வளவில் வேலியோரம் தாட்டுவிட்டார். நாங்கள் ஒரு வாத்தைக்கூடச் சுட்டதில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று பிறகு தேடிப் பார்த்தேன். அதில் இருந்து ஒன்றும் வெளியே போவதில்லை. விசையை அமத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும், பிறகு வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் முனையில் உள்ள கண்ணுக்கு அந்த வெளிச்சம் தெரிந்தால் வாத்து விழும். அது வெறுமனே பார்க்கிற ஒரு பொருள். அதைத்தான் அம்மா நடுங்கிக்கொண்டு மண்ணுக்குள் வைத்தார்.

துப்பாக்கி போன பிறகு மிச்சம் இரண்டு கொன்ட்ரோலர்கள். ஒன்று எனக்கு, மற்றது சித்தப்பாவின் மகனுக்கு. அவன் என்னை விட இரண்டு வயது இளையவன். எங்கள் கேம் கொன்ட்ரா. அதில் முப்பது உயிர் எடுக்க, கொன்ட்ரோலரின் பொத்தான்களை ஒரு ரகசிய வரிசையில் அமத்த வேண்டும்: மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. கஸுஹிசா ஹஷிமொட்டோ என்பவர் 1986இல் கிராடியஸ் என்ற வேறொரு கேமைச் சோதித்துப் பார்க்கும்போது, அது கஷ்டமாக இருந்ததால் தன் வசதிக்குப் போட்டுக்கொண்டது அது. இன்டர்நெட் இல்லாத, ஒழுங்காகப் பேப்பரும் வராத ஊருக்குள் அது எப்படி வந்து சேர்ந்ததோ, எங்கள் வகுப்பில் பாதிப்பேரின் கொப்பியில் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது.

கொன்ட்ராவில் மூன்றாவது கட்டம் ஒரு நீர்வீழ்ச்சி. இரண்டு பேரும் மேலே மேலே பாய்ந்து ஏற வேண்டும். ஒருவர் வேகமாக ஏறினால் திரை அவரோடு மேலே போய்விடும், கீழே நிற்கிறவர் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவார். நான் எப்போதும் அவசரக்காரன். தம்பி கீழே நின்று "அண்ணா நில்லு, அண்ணா நில்லு" என்று கத்துவான். நின்று பார்த்து ஏறப் பழக எனக்கு ஒரு பள்ளி விடுமுறை முழுக்க எடுத்தது.

இதெல்லாம் சின்னப் பிள்ளைக் கதை, வளர்ந்தவருக்கு என்ன என்று கேட்பீர்கள். எங்களோடு கேம்களும் வளர்ந்துவிட்டன. 2014இல் போலந்தில் இருந்து 'திஸ் வோர் ஒஃப் மைன்' என்று ஒன்று வந்தது. சரயேவோ நகரம் ஏறக்குறைய நான்கு வருடம் முற்றுகைக்குள் கிடந்ததை மனதில் வைத்துச் செய்தது. அதில் நீங்கள் சண்டைக்காரர் இல்லை, உடைந்த வீட்டுக்குள் ஒளிந்திருக்கிற சனங்கள். பகலில் அடுப்பு மூட்ட வேண்டும், இரவில் மருந்தும் சாப்பாடும் தேடிப் போக வேண்டும். அப்படிப் போகிற ஒரு வீட்டில் ஒரு கிழவனும் கிழவியும் இருப்பார்கள், அவர்களிடம் பறிப்பதா விடுவதா என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். 2020இல் போலந்து அரசாங்கம் அதைப் பாடசாலை மாணவர்களுக்குப் பரிந்துரைத்தது. நான் இரண்டு இரவுக்கு மேல் தொடரவில்லை. ஆனால் அந்த இரண்டாவது இரவில்தான், 1990 ஆனியில் ஆறு வயதில் ஊரை விட்டு நடந்ததை என் மனைவியிடம் முதல் தடவையாக முழுதாகச் சொன்னேன். கல்யாணமாகி ஐந்து வருடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது அலுமாரியில் இருந்த பழைய பிரிக் கேமுக்கு இரண்டு பற்றரி போட்டு மகளிடம் கொடுத்தேன். குப்பி விளக்கு வெளிச்சத்தில் அவளும் நானும் மாறி மாறிக் கட்டை அடுக்கினோம். அந்த நாட்களைப் பற்றி அவளுக்கு ஞாபகம் இருப்பது அதுதான்.

இப்போது அந்த ஹெட்செட்டுக்கு வருகிறேன். மற்றப் பக்கத்தில் யார் என்று அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கணவரை எனக்குத் தெரியாது, என் கதையைத்தான் சொல்ல முடியும். தம்பி 2008இல் லண்டனுக்குப் போனான். இன்றைக்கும் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு நான் ஹெட்செட்டை மாட்டினால் மற்றப் பக்கத்தில் அவன்தான். அங்கே பின்னேரம். பந்து விளையாடுவோம். விளையாடிக்கொண்டே சித்தியின் சீனி வருத்தம், மீன் விலை, கோணேசர் கோயில் பக்கத்து மான்கள் இப்போது எந்த ரோட்டில் படுத்திருக்கின்றன, எல்லாம் கதைப்போம். போனில் கூப்பிட்டால் "எப்பிடி இருக்கிறாய், சுகமா" என்பதோடு முடிந்துவிடும். கை வேறு வேலையில் இருக்கும்போதுதான் எங்களுக்குக் கதை வருகிறது.

போன வருடம் சித்தப்பா செத்துப்போனார். தம்பியால் வர முடியவில்லை. இங்கே எல்லாம் முடித்து, குளித்து, வீட்டுக்குள் வந்தபோது இரவு பத்தரை. "விளையாடுவமா அண்ணா" என்று ஒரு மெசேஜ். போட்டோம். அவன் பந்தை நடுவில் வைத்து அங்கும் இங்கும் தட்டிக்கொண்டிருந்தான். நானும் பறிக்கப் போகவில்லை. சித்தப்பா சைக்கிளில் கூட்டிப்போய்க் கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் குளிக்க வைத்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தான். சைபருக்குச் சைபர் என்று முடிந்தது. திரும்ப ஒன்று தொடங்கினோம். அன்றைக்கு என் மனைவி கதவடியில் நின்று பார்த்தாள். அவளும் உங்களைப் போல, பார்த்தவுடன் ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்திருப்பாள். பிறகு வந்து பக்கத்தில் இருந்தாள்.

நீங்கள் போய் இருப்பதென்றால் எதில் தொடங்குவது? ஓடிப் பாய்கிறதில் வேண்டாம், பார்க்கிறவருக்கு ஒன்றும் பிடிபடாது. 'வெண்பா' என்று ஒரு கேம் இருக்கிறது. 2023இல் கனடாவில் ஒரு சிறிய குழு செய்தது, அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதும் கிடைத்தது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அதன் தாய், தன் அம்மாவின் சமையல் குறிப்புக் கொப்பியை வைத்துக்கொண்டு சமைக்கிறாள். கொப்பி கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போனதை நாங்கள் கண்டுபிடித்துச் சமைத்துக் கொடுக்க வேண்டும். மகன் வளர வளரத் தமிழை விட்டு விலகிப் போவான், அந்த இடங்களில் எனக்குத் தொண்டை அடைத்தது. விரல் வேகம் தேவையில்லை, ஒரே இரவில் முடிந்துவிடும்.

முதலில் இட்டலி வரும். பிறகு புட்டு வரும். அந்த இடத்தில் அவர் திரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பார், உங்களுக்கு விடை தெரிந்திருக்கும். அப்போது கையை நீட்டி அந்தக் கொன்ட்ரோலரை வாங்குங்கள்.

அன்புடன்.